புதுப்பிப்பு: டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா வாங்கிவிட்டேன்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு 2022இல் வந்த இந்த விரிவாக்கத்துக்குக் காசு கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெயர்தான் புதுசு, ஆட்டம் பழசு என்றே பலர் சொன்னீர்கள். மூன்று வாரம் விளையாடிவிட்டேன். வாங்குங்கள்.

முன்பு ‘இந்தியர்’ என்று ஒரே நாகரிகம் (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் தரப்பு). இப்போது அது இந்துஸ்தானியர் ஆகி, வங்காளரும் கூர்ஜரரும் திராவிடரும் தனியே வந்திருக்கிறார்கள். திராவிடருக்கு நைட் குதிரைவீரர் கிடையாது. முதல் நாலு ஆட்டமும் அதனாலேயே தோற்றேன். அப்புறம்தான் வூட்ஸ் எஃகு நுட்பத்தின் அருமை தெரிந்தது. அதை ஆராய்ந்துவிட்டால் காலாட்படையின் வெட்டுக்கு எதிரியின் கவசம் ஒரு பொருட்டே இல்லை. சுருள்வாள் வீசும் உருமி வீரர்கள் முதல் வீச்சிலேயே பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்துச் சாய்க்கிறார்கள்.

வெள்ளவத்தை வீட்டில் தம்பி ஒலியைக் கூட்டி வைத்தான். ஆட்டத்தில் வரும் திராவிட ஆட்கள் தமிழில் பதில் சொல்வதைக் கேட்டு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

ராஜேந்திர சோழனின் கதைத்தொடரும் இருக்கிறது, 1025இல் ஸ்ரீவிஜயம் மீது கடல் கடந்து போனவர்தான். ஆனால் அனுராதபுரம், பொலன்னறுவை அரசுகளுக்கு இந்த விரிவாக்கத்தில் தனி நாகரிகம் இல்லை. அது எனக்குப் பெரிய குறைதான்.