செல்போனில் நெட் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் படுத்துக்கொள்கிறது

கரிசல்காட்டான்:
வணக்கம். பத்து நாளாக மண்டை காய்கிறது, யாராவது வழி சொல்லுங்கள். வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். ரூட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் பக்கத்து ரூமில், நடுவில் ஒரே ஒரு சுவர். டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது என்பதால் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்கி சிபியூவின் பின்னால் செருகியிருக்கிறேன். பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ராத்திரி ஒன்பது, ஒன்பதே கால் ஆனதும் ஆரம்பித்துவிடும். யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும், மகளின் ஆன்லைன் டியூஷனில் டீச்சர் குரல் துண்டு துண்டாக வரும், அப்புறம் மொத்தமாகப் போய்விடும். ஆனால் வைஃபை சிக்னல் மட்டும் முழுசாகக் காட்டும்! அதே நேரத்தில் அதே வைஃபையில் என் செல்போன் ஜம்மென்று ஓடுகிறது. பத்தரை, பதினொன்றுக்குத் தானாகவே சரியாகிவிடும்.

ரூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டேன் என்று கணக்கே இல்லை. டிரைவர் புதுசு போட்டாயிற்று, விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட்டும் செய்தாயிற்று. கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம் சொன்னால் காலை பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டு 97 காட்டிவிட்டு “நல்லாத்தானே சார் வருது” என்று போய்விட்டான். காலையில் நல்லாத்தான் வரும், அதைத்தானே நானும் சொன்னேன்.

மூணாவதுமாடி:
டிஎன்எஸ் பிரச்சினைதான் சார். டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள், எனக்கு இப்படித்தான் சரியானது.

பழையமோடம்:
மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், இது டிஎன்எஸ் மாதிரி தெரியவில்லை. டிஎன்எஸ் வேலை, தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தேடிக் கொடுப்பது, அவ்வளவுதான். அது படுத்தால் புதுப் பக்கம் திறக்காது. ஓடிக்கொண்டிருக்கிற டியூஷனில் டீச்சர் குரல் எதற்கு உடைய வேண்டும்? ராத்திரி ஊரே படம் பார்க்கிறது, லைனில் நெரிசல் என்று சொல்லலாம் என்றால் செல்போனும் சேர்ந்து திணற வேண்டுமே.

அதனால் முதலில் கோளாறு ரூட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துவிடுவோம். கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1, ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் இருக்கும்) இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8க்கும் விடாமல் பிங் போட்டு வையுங்கள். பிங் என்பது ஒரு முகவரியைக் கூப்பிட்டு, பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. ரூட்டருக்கே பதில் ஒழுங்காக வரவில்லை என்றால் வெளியே யாரையும் திட்டிப் பயனில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். ரூட்டருக்கு 2, 3 மில்லிசெகண்டில் சுத்தமாக வந்து 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டு வந்தால் தைரியமாக அவர்களிடம் சண்டை போடலாம்.

இன்னொன்று. அதே வைஃபை என்கிறீர்கள், பெயர் ஒன்றாக இருக்கும், ஆனால் இப்போது வருகிற ரூட்டர்கள் பலவும் ஒரே பெயரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளையும் விடுகின்றன. செல்போன் 5இல் உட்கார்ந்திருக்கும், விலை குறைந்த டாங்கிள் என்றால் 2.4 மட்டும்தான் பிடிக்கும். அதையும் பாருங்கள். முடிந்தால் சிபியூ பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கரிசல்காட்டான்:
அண்ணே, நேற்று ராத்திரி பார்த்தேன். ஒன்பது வரைக்கும் ரூட்டருக்கு 2, 3, 2 என்று வந்தது. ஒன்பது பத்துக்கு 180, 640, அப்புறம் வரிசையாக நாலு டைம்டு அவுட், பதிலே வரவில்லை. அப்போ வீட்டுக்குள்தான். செல்போன் 5இல் இருக்கிறது, டாங்கிள் அட்டைப்பெட்டியில் 2.4 மட்டும்தான் போட்டிருக்கிறது, நீங்கள் சொன்னபடியே.

பெரிய வேலை ஒன்றும் செய்வதில்லை. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கடையைச் சாத்திவிட்டு வந்து அன்றைக்கு எடுத்த கல்யாணப் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவேன். முப்பது நாற்பது ஜிபி இருக்கும். அதற்கு நெட்டே தேவையில்லையே. பின்பக்கப் போட்டோ போட்டிருக்கிறேன், தூசியை மன்னிக்கவும்.

பழையமோடம்:
பிடித்துவிட்டோம். போட்டோவில் நீல நிற போர்ட் இரண்டு இருக்கிறதா, ஒன்றில் ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டினாற்போல் மற்றதில் டாங்கிள். நீலம் என்றால் யுஎஸ்பி 3. அது நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது கேபிளிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும், அது வந்து விழுகிற இடம் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். நான் கதை விடவில்லை, இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து பார்த்து ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. டாங்கிளின் ஆன்டெனா அந்த ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது, ரூட்டரோ சுவருக்கு அந்தப் பக்கம். கோயில் கொடையில் குழாய் ரேடியோவுக்கு அடியில் நின்றுகொண்டு தெருமுனையில் கூப்பிடுகிறவருக்குக் காது கொடுக்கிற கதைதான். சிக்னல் முழுசாகக் காட்டியதற்கும் இதுதான் காரணம், ரூட்டரின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் அது காட்டும், பக்கத்துச் சத்தத்தைக் காட்டாது. படங்கள் ஏறி முடிந்ததும் நெட் தானாக வந்துவிடுகிறது பாருங்கள்.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருக்கிறீர்களா? அதுவும் பெரும்பாலும் இதே 2.4இல்தான் பேசும். அந்த நேரத்தில் அதுவும் திக்கித் திக்கிப் போகுமே?

கரிசல்காட்டான்:
அட ஆமாம்! ஒன்பது மணிக்கு மேல் மவுஸ் குதித்துக் குதித்துப் போகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து இந்த மாதம் இரண்டு தடவை மாற்றிவிட்டேன். இப்போது என்ன செய்யட்டும்?

வயர்மேன்தம்பி:
நான் குறுக்கே வருகிறேன். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேஜை மேல் கொண்டுவந்து வையுங்கள், ஹார்ட் டிஸ்கிலிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. ஹார்ட் டிஸ்கைக் கறுப்பு போர்ட்டில் மாட்டினாலும் இரைச்சல் போகும், ஆனால் அது யுஎஸ்பி 2, உச்ச வேகமே 480 மெகாபிட்தான், நாற்பது ஜிபி ஏறுவதற்குள் தூங்கிவிடுவீர்கள். டாங்கிளை மாற்றுவதாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு சுவர்தான் என்கிறீர்கள், ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு கேட் 6 நெட்வொர்க் வயர் இழுத்துவிடுங்கள். வயர் இழுக்கிற ஆளிடம் உள்ளே இருக்கிற எட்டு இழையையும் முனையில் பின்னோடு சேர்த்து கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், சிலர் நாலோடு நிறுத்திவிடுவார்கள். நாலு இழையில் 100 எம்பிபிஎஸ்தான் போகும், நாளைக்கு பிளானை ஏற்றினால் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

கரிசல்காட்டான்:
எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மானிட்டருக்கு மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். மவுஸின் ரிசீவரையும் முன்பக்கம் மாற்றினேன். இன்று 38 ஜிபி ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 3, 4ஐத் தாண்டவில்லை, மகளும் டியூஷனை முழுசாக முடித்துவிட்டாள். வயர் இழுக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டும், வாடகை வீடு, ஹவுஸ் ஓனரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பழையமோடம் அண்ணனுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. கழற்றிப் போட்ட அந்தப் பேட்டரிகளைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன், நன்றாக ஓடுகிறது.