கையால் கத்தி செய்து நண்பர்களுக்குக் கொடுத்தவர்கள் உண்டா? என்ன ஆயிற்று?

அரம்பிடித்தவன்:
கல்யாணத்துக்கு ஆறு நாள். லாரியின் ஸ்பிரிங் பட்டாவில் மூன்று கத்தி முடித்தாயிற்று, நாலாவது மாப்பிள்ளைக்கு. காந்தம் ஒட்டாத பதத்துக்குக் காய்ச்சி எடுத்தால், தோய்க்க வைத்திருந்த எண்ணெய் டின் காலி. பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் இறக்கிவிட்டேன். உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். செய்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. வாளியில் கல் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாளியில் ஏது கல்? முறியாமல் இருக்க ஓவனில் வாட்டி, புளியமரப் பிடி, பித்தளை ரிவிட் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். எனக்குக் கண் பிடிக்குப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு மாதம் கழித்து ஃபோன், பூசணிக்காய் வெட்டும்போது இரண்டாகிவிட்டதாம். "நான்தான்டா ஏடாகூடமா அழுத்திட்டேன் போல, சாரி" என்கிறான். அவன் என்னிடம் சாரி கேட்கிறான்!

எண்ணெய்ச்சட்டி:
பட்டா இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? பெரும்பாலும் அது 5160 மாதிரியான ஸ்பிரிங் எஃகு ரகம், கார்பன் 0.6 சதவீதம் அளவில், கூடவே குரோமியம். எண்ணெயே தாராளம். காந்தம் விடுவது 770 டிகிரி வாக்கில், அங்கேயே நிறுத்தாதீர்கள், 830 வரை போகட்டும். எண்ணெயையும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து சூட்டைச் சரியாக இழுக்காது. வெட்டும் வாய்ப்பக்கத்தை முன்கூட்டியே மெல்லிசாக அராவ வேண்டாம், ஒரு மில்லிமீட்டராவது கனம் இருக்கட்டும். தோய்த்த கையோடு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டுங்கள், ஆறவிட்டு இன்னொரு தடவை. டிங் கேட்டால் அது காயலான் கடைச் சரக்கு, அவ்வளவுதான். நான் கொடுத்த ஒரே கத்தி நன்றாக இருக்கிறது.

துருத்திக்காரர்:
மேலே உள்ளவர் ஓவன் வரியைப் படிக்கவே இல்லை. தண்ணீரே ஆகாது என்பதும் தப்பு. எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளுக்கு வாயை மட்டும்தான் தண்ணீரில் பிடிப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கும்போது வைக்கோல் நிறம் ஓடி வரும், அப்போது முழுசாக முக்குவார். அது கைப்பழக்கம், நம்மால் ஆகாது, சரி.

என் கதை வேறு. நண்பன் வீட்டில் கத்தியை நீட்டினேன், அவன் அம்மா வாங்கவில்லை. "கையில குடுக்காதப்பா, கீழ வை" என்றார். வைத்ததும் ஒரு ரூபாய்க் காசைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் அழுத்தினார், சும்மா வாங்கினால் உறவு அறுந்துவிடுமாம். காசு இன்னும் அரப்பெட்டியில் கிடக்கிறது. நண்பன்தான் இப்போது பேசுவதில்லை. காரணம் கத்தி இல்லை, சீட்டுப் பணம்.

கறைபடிந்தவள்:
தோழிக்குக் கொடுத்தேன். எலுமிச்சை அறுத்துவிட்டு ராத்திரி முழுக்க சிங்க்கில் போட்டிருக்கிறாள். காலையில் துருப்பிடித்த போட்டோ, கூடவே "இது ஸ்டீல் இல்லையா?" என்ற கேள்வி. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவு என்று சொல்லித்தான் கொடுத்தேன்!

நீளக்கத்தி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அலங்காரத்துக்கு என்று பெரிதாகச் செய்யாதீர்கள். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ ஆனதாக இல்லாதபட்சத்தில், இந்திய ஆயுத விதிகளில் அது ஆயுதம். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். பாதுகாப்புச் சோதனையில் பறிமுதல் பெட்டிக்குள் போய்விட்டது, பிடிக்கு மட்டும் ஒரு வாரம் உழைத்திருந்தேன்.

அரம்பிடித்தவன்:
எண்ணெய்ச்சட்டி, வாட்டினேன் சார், இரண்டு தடவை. நேற்று உடைந்த துண்டுகளை அவனே கொண்டுவந்து கொடுத்தான், ஒட்ட முடியுமா என்று. முறிந்த முகத்தில் வாய்ப்பக்கம் கால்வாசி கறுத்துப் போய், மீதி பளபளவென்று. கறுத்தது பழைய விரிசல். அவன் மெக்கானிக். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.