மறுமொழி: ‘ஹாட்ச்’ – பொரிப்பா, புறப்பாடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆற்றில் வளர்ந்த பூச்சிகள் சிறகோடு கூட்டமாக வெளிவருவதை, ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கிறவர்கள் ‘ஹாட்ச்’ (hatch) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘பொரிப்பு’ போதும் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. முட்டை உடைந்து குஞ்சு வருவதுதான் பொரிப்பு. ட்ரவுட் பிடிக்கிறவர்கள் சொல்லும் ஹாட்ச்சில் முட்டைக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அங்கே சால்மன்ஃப்ளை என்ற பெரிய பூச்சி வரும். அதன் இளம்பூச்சி மூன்று நான்கு வருடம் ஆற்றடிக் கற்களுக்கு நடுவில் வளர்கிறது. காலம் வந்ததும் ஊர்ந்து கரையேறி, ஒரு புதரையோ பாறையையோ பற்றிக்கொள்ளும். முதுகுத் தோல் வெடிக்கும். ஆரஞ்சு வயிறும் நீண்ட சிறகுமாக, ஏறக்குறைய இரண்டு அங்குலப் பூச்சி வெளியே வரும். வெறுங்கூடு கிளையிலேயே ஒட்டியிருக்கும். மேஃப்ளை என்பது இன்னொரு ஆற்றுப்பூச்சி. அதன் வகைகளில் பெரும்பாலானவை கரைக்கு வருவதில்லை. இளம்பூச்சி நீர்மட்டத்துக்கு மிதந்து வந்து அங்கேயே தோலை உரிக்கிறது. சிறகு விரிந்து பறக்கும்வரை நீரோட்டத்தோடு போகிறது. அதைத் தின்ன ட்ரவுட் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

மழை விட்டதும் மண்ணிலிருந்து ஈசல் கிளம்புவதை நாம் என்னவென்று சொல்கிறோம்? ‘ஈசல் புறப்படுது’ என்கிறோம். வளர்ந்த பூச்சி, சிறகோடு, கூட்டமாக, ஒரே நேரத்தில் வெளிவருவது. ஆற்றில் நடப்பதும் அதேதான். ஆகவே என் பரிந்துரை: பூச்சிப் புறப்பாடு. சூழல் தெளிவாக இருந்தால் வெறும் ‘புறப்பாடு’ போதும். மேஃப்ளையையே ஈசல் என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஈசல் கறையான் இனம். பூச்சியியல் படிக்கும் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

சாமி புறப்பாடு நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தயங்கினார். வரட்டுமே. விமானப் புறப்பாடு என்று எழுதும்போது யாரும் தேரைத் தேடுவதில்லை.

பொரிப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. மீன் பண்ணையைக் குஞ்சு பொரிப்பகம் என்கிறோம். நீலகிரி அவலாஞ்சியில் இருப்பதே ட்ரவுட் பொரிப்பகம்தான். ஆனால் மேடிசனில் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதால் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ட்ரவுட் குறைந்தது ஆய்வில் தெரிந்தது. 1974-இல் மொன்டானா அரசு, காட்டு ட்ரவுட் வாழும் ஆறுகளில் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட ஆற்றைப் பற்றிய கட்டுரையில் ‘மாலையில் நல்ல பொரிப்பு’ என்று எழுதினால் வாசகருக்கு என்ன புரியும்?

நேரத்தைச் சேர்த்துச் சொல்லவும் இந்தச் சொல் வசதியாக இருக்கிறது. காலைப் புறப்பாடு, அந்திப் புறப்பாடு என்று சொல்லிப் பாருங்கள். கோடையில் இதற்கு நிஜமாகவே தேவை வருகிறது. ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸைத் தொட்டால், மொன்டானாவில் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. பிடித்துத் திரும்ப விட்டாலும் களைத்த மீன் பிழைப்பது கஷ்டம். அப்புறம் கேடிஸ் என்ற மற்றொரு ஆற்றுப்பூச்சியின் அந்திப் புறப்பாடு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த மீன்களுக்காகத் தூண்டில்காரர்கள் பலர் அதை மனதார ஏற்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

தூண்டிலில் கட்டும் ‘ஃப்ளை’க்குப் பொய்க்கால் போலப் ‘பொய்ப்பூச்சி’ சரியாக வரும். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்வதுதானே. அது ஈயாக மட்டும் இருப்பதில்லை, வெட்டுக்கிளியாகவும் இருக்கும் என்பதால் ‘ஈ’ பொருந்தாது.

மிச்சம் இருப்பது ‘எமர்ஜர்’. தோலை விட்டுப் பாதி வெளியேறி, நீர்ப்பரப்பில் சிக்கி நிற்கும் பூச்சியும், அதைப்போலச் செய்த பொய்ப்பூச்சியும். ‘புறப்படுபூச்சி’ என்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், மாற்றிக்கொள்கிறேன். புறப்பாட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அன்புடன்.