லாரி போனாலே அலறும் ஷட்டர் சென்சார்: என்ன செய்யலாம்?

எங்கள் அடகுக் கடையின் பின்சுவரிலும் ஷட்டரிலும் அதிர்வு சென்சார் இருக்கிறது. சுவரில் உள்ளது சமர்த்து. ஷட்டரில் உள்ளதுதான் தொல்லை. லாரி போனாலே தகடு கடகடவென்று ஆடி, நடுராத்திரியில் சைரன் தெருவையே எழுப்பிவிடுகிறது. உள்ளே உள்ள குட்டித் திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தால், சுத்தியலால் தட்டினாலும் கண்டுகொள்வதில்லை.

பல்ஸ் எண்ணிக்கையை (எத்தனை அதிர்வு வந்தால் சைரன் அலற வேண்டும் என்ற அமைப்பு) 1-லிருந்து 4-க்கு ஏற்றலாமா? அப்புறம் ஒரே போடாகப் பூட்டை உடைத்தால் பிடிக்குமா என்று பயமாக இருக்கிறது. ஆடும் தகட்டிலிருந்து கழற்றி, சுவரோடு பதித்த பக்கச் சட்டத்தில் மாட்டினால் தேவலையா?

இப்போதைக்கு அலாரம் பேனலை டெஸ்ட் மோடில் வைத்து, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டித்தான் சோதிக்கிறேன். அது போதுமா, டிரில் ஓட்டியே பார்க்க வேண்டுமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாத்தையும் மாத்திடுங்க சார்" என்பதை மாட்டியவரே சொல்லிவிட்டார்.