வேல்ஸ் பொதுச்சேவை வாரியத்தில் தன்னார்வ அமைப்புகளின் சார்பில் போகிறேன்: விதிமுறை ஆவணத்தில் எதை வலியுறுத்துவது?

அலைகடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேல்ஸில் இருக்கிறேன். எங்கள் பகுதித் தன்னார்வ அமைப்புகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் ஒரு கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இனிமேல் பொதுச்சேவை வாரியத்துக்கு எங்கள் சார்பில் நான்தான் போக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. கவுன்சில், அரசு மருத்துவச் சேவையை நடத்தும் ஹெல்த் போர்டு, தீயணைப்பு, போலீஸ் என்று பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பகுதி மக்களின் நல்வாழ்வுக்குத் திட்டம் போடும் இடம். 2027 மே மாதம் கவுன்சில் தேர்தல் முடிந்ததும் வாரியம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விதிமுறை ஆவணத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பார்களாம், என்ன மாற்றம் வேண்டும் என்று இப்போதே கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இப்போதிருக்கும் ஆவணத்தைப் படித்தேன், சந்தேகம்தான் கூடியது. நாங்கள் 'அழைக்கப்பட்ட பங்கேற்பாளர்', உறுப்பினர் இல்லை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நான் பேசுவதற்கு அங்கே என்ன மதிப்பு? முடிவெல்லாம் ஒருமனதாக இருக்க வேண்டுமாம், யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எல்லாமே நின்றுபோகாதா? அப்புறம், வேலை பெரும்பாலும் துணைக்குழுக்களில்தான் நடக்கிறது என்று தெரிகிறது, ஆனால் அவற்றைப் பற்றி ஆவணத்தில் ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. வாரியத்துக்கென்று தனிப் பணமும் கிடையாது என்கிறார்கள்.

எங்கள் அமைப்புகள் பலவற்றில் சம்பளம் வாங்குபவர்களே இல்லை. தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், புதிதாக வந்து சேரும் அகதிக் குடும்பங்களுக்கு உதவுகிறார்கள். அவர்கள் தினமும் பார்ப்பது அந்த அறைக்குள் போய்ச் சேர வேண்டும், நாற்காலியை நிரப்புவதற்காக மட்டும் போக எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட வாரியங்களோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோப்புக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. ஒரு கவுன்சிலில் இந்த வாரியத்துக்கான செயலக வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

இந்த வாரியங்களை உண்டாக்கியது 2015-ஆம் ஆண்டின் வருங்காலத் தலைமுறைகள் நல்வாழ்வுச் சட்டம். அதன்படி உறுப்பினர்கள் நான்கே தரப்புதான்: கவுன்சில், ஹெல்த் போர்டு, தீயணைப்பு மீட்பு ஆணையம், வேல்ஸ் இயற்கை வளத் துறை. போலீஸ் தலைமை அதிகாரியும், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் ஆணையரும்கூட உங்களைப் போல அழைக்கப்பட்ட பங்கேற்பாளர்தான், அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதியை வாரியம் அழைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம், யாரும் பெரிய மனது பண்ணி உங்களைக் கூப்பிடவில்லை. வாரியத்தின் தலைவர் பொறுப்புக்கு அழைக்கப்பட்ட பங்கேற்பாளர் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது, நான்கு உறுப்பினர்களும் இருப்பது. நான்கு பேரும் இருந்து, நான்கு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இதில் ஓட்டெடுப்புக்கு இடமே இல்லை என்பதால் 'எனக்கு ஓட்டு இல்லையே' என்ற கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் காரியம் நடப்பது அஜெண்டாவை யார் போடுகிறார்கள், தாள்கள் யார் கைக்கு எப்போது வருகின்றன, மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், என்ன எழுதப்படுகிறது என்ற மூன்றையும் வைத்துத்தான். எனவே விதிமுறை ஆவணத்தில் நீங்கள் கேட்க வேண்டியதும் இவற்றைத்தான். அழைக்கப்பட்ட பங்கேற்பாளர் எழுதிக் கொடுத்தால் அந்த விஷயம் அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் வர வேண்டும், அதை ஒதுக்கினால் தலைவர் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். தாள்கள் உறுப்பினர்களுக்குப் போகும் அதே நாளில் உங்களுக்கும் வர வேண்டும், ஏனென்றால் நீங்கள் போய் உங்கள் அமைப்புகளைக் கேட்டுவிட்டு வர நேரம் வேண்டும், முந்தின நாள் ராத்திரி மின்னஞ்சலில் வந்தால் நீங்கள் உங்கள் சொந்தக் கருத்தைத்தான் சொல்ல முடியும். நீங்கள் மறுப்புச் சொன்னால் அந்த மறுப்பும் அதற்கான காரணமும் மினிட்ஸில் ஏற வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் உங்கள் நாற்காலிக்குக் கனம் வந்துவிடும்.

துணைக்குழு பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வாரியத்தின் உறுப்பினர் ஒருவராவது இல்லாமல் துணைக்குழு இருக்க முடியாது. உள்ளூர் இலக்குகளை வகுப்பது, மாற்றுவது, நல்வாழ்வுத் திட்டத்தை வெளியிடுவது, புதியவர்களை வாரியத்துக்கு அழைப்பது, இன்னொரு வாரியத்தோடு இணைவது ஆகியவற்றைத் துணைக்குழுவிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், துணைக்குழுவில் பேசி முடித்து, வரிக்கு வரி எழுதி, கடைசியில் வாரியத்துக்கு ஒப்புதலுக்கு மட்டும் வரும். அந்த நேரத்தில் நீங்கள் கை தூக்கி 'இது எங்கள் மக்களுக்கு ஒத்துவராது' என்று சொன்னால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு துணைக்குழுவின் பொறுப்பு என்ன, எது வரை அவர்களே முடிவெடுக்கலாம், எப்போது வாரியத்திடம் திரும்ப வர வேண்டும் என்று தனித்தனியாக எழுதி விதிமுறை ஆவணத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். உங்கள் கூட்டமைப்பிலிருந்து ஒவ்வொரு துணைக்குழுவுக்கும் ஓர் ஆளை அனுப்ப முடிகிறதா என்றும் இப்போதே பாருங்கள், வாரியக் கூட்டத்தில் நீங்கள் உட்காருவதைவிட அது அதிகம் பலன் தரும்.

டாக்டர்_வீட்டுத்_திண்ணை எழுதியது:

கோப்புக்காரன் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஒருமனது விஷயத்தை மட்டும் அவர் லேசாகக் கடந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் மருத்துவத் துறைப் பக்கத்திலிருந்து இந்த வாரியத் தாள்களைப் படிப்பவன். நான்கு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்னும்போது யாருக்கும் வலிக்காத வாக்கியங்கள்தான் மிஞ்சுகின்றன. 'ஆதரிப்போம்', 'ஊக்குவிப்போம்', 'இணைந்து செயல்படுவோம்'. இதை யார், எந்தத் தேதிக்குள், யார் பணத்தில் செய்வார்கள் என்று தேடினால் கிடைக்காது.

சகோதரி, விதிமுறை ஆவணத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க முடியும் என்றால் இதைச் சேருங்கள்: திட்டத்தில் வரும் ஒவ்வொரு செயலுக்கும் பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்றின் பெயர், முடிக்கும் தேதி, எந்த அமைப்பின் பட்ஜெட்டிலிருந்து பணம் என்ற மூன்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திட்டத்தில் ஏறக் கூடாது. 'கூட்டுப் பொறுப்பு' என்று எழுதப்பட்ட செயல் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது. கவுன்சில் தலைவர் தனக்குப் பதிலாக ஆள் அனுப்பினால் அவர் கவுன்சிலின் கேபினட்டில், அதாவது அதன் நிர்வாகக் குழுவில், இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற அமைப்புகளும் பிரதிநிதியை அனுப்பலாம். ஆனால் வருபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லையென்றால் 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்பதே பதிலாக இருக்கும், அடுத்த கூட்டம் இன்னும் மூன்று மாதம் கழித்து. எந்த அளவுக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வருகிறார் என்பதை அனுப்பும் அமைப்பு எழுத்தில் கொடுக்கட்டும்.

இதே ஆட்கள்தான் வேறு பல மேசைகளிலும் உட்காருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2014 சமூக சேவைச் சட்டத்தின் கீழ் வந்த வட்டாரக் கூட்டாண்மை வாரியம் தனியாக இருக்கிறது, 1998 குற்றம், ஒழுங்கின்மைச் சட்டத்தின்படி சமூகப் பாதுகாப்புக் கூட்டாண்மை தனியாக இருக்கிறது. முதியவர்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் 'அது அந்த வாரியத்தின் வேலை' என்று இங்கேயும் 'இது இந்த வாரியத்தின் வேலை' என்று அங்கேயும் சொல்லித் தப்பிக்க முடியும். எது எங்கே முடிவாகிறது என்று ஒரு பக்கத்தில் வரைந்து ஆவணத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

கோப்புக்காரன் எழுதியது:

திண்ணை சார், பொறுப்பும் தேதியும் பணமும் எழுத வேண்டும் என்பதற்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். ஆனால் ஒருமனது விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹெல்த் போர்டின் பணத்துக்குப் பொறுப்பு ஹெல்த் போர்டுதான், மூன்று பேர் சேர்ந்து ஓட்டுப் போட்டு அவர்கள் பணத்தை இன்னொரு வேலைக்குத் திருப்ப முடியும் என்றால் அடுத்த கூட்டத்துக்கே அவர்கள் மனதளவில் வர மாட்டார்கள். வாரியம் தன் உறுப்பினர்களுக்கு மேலே உட்காரும் அமைப்பாக உருவாக்கப்படவில்லை. நல்வாழ்வுத் திட்டமே ஒவ்வோர் உறுப்பினரும் தங்கள் சொந்த அமைப்பில் வைத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வெளியாகும், கவுன்சிலில் அதைக் கேபினட் மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது, முழு கவுன்சிலுக்கும் போக வேண்டும். கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்ப்பது என்ற வழிமுறை விதிமுறை ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. பல ஆவணங்களில் அந்த இடத்தில் 'பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்ற அளவில்தான் எழுதியிருக்கும். யார் நடுவில் நின்று பேசுவது, எத்தனை நாளில், அதற்கும் மசியாவிட்டால் அந்தச் செயலை விரும்புகிறவர்கள் மட்டும் சேர்ந்து செய்யலாமா என்று அங்கே விரித்து எழுதினால் நீங்கள் சொல்லும் முட்டுக்கட்டை பாதி குறையும்.

அலைகடல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா. போலீஸும் எங்களைப் போலத்தான் உட்காருகிறார்கள் என்பது எனக்குப் புதிது, கொஞ்சம் தைரியமாகவும் இருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் இன்னும் கேட்க வேண்டும். சொன்னதைச் செய்யவில்லை என்றால் இந்த வாரியத்தை யார் கேள்வி கேட்பார்கள்? அப்புறம், ஒரு திட்டத்துக்கு எங்கள் கூட்டமைப்பில் இருக்கும் அமைப்பு ஒன்றுக்கே நிதி போகும் நிலை வந்தால் நான் பேசலாமா, எழுந்து வெளியே போக வேண்டுமா?

சிற்றூர்_மன்றம் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நான் ஒரு சமூக மன்றத்தில், அதாவது கவுன்சிலுக்குக் கீழே ஊர் அளவில் இருக்கும் மன்றத்தில், உறுப்பினர்.

கவுன்சிலின் ஸ்குருட்டினி கமிட்டிக்கு, அதாவது முடிவுகளை ஆராய்ந்து கேள்வி கேட்கும் கவுன்சிலர்கள் குழுவுக்கு, அந்த அதிகாரம் இருக்கிறது. வாரியத்தின் முடிவுகளை மட்டுமல்லாமல் அதன் நிர்வாக ஏற்பாடுகளையும் அவர்கள் ஆராயலாம், உறுப்பினர் அமைப்புகளை வரச் சொல்லி விளக்கம் கேட்கலாம், ஆனால் வாரியமாகச் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றி மட்டும். ஹெல்த் போர்டின் மற்ற வேலைகளையெல்லாம் அங்கே இழுக்க முடியாது. அவர்கள் எழுதும் அறிக்கை வேல்ஸ் அமைச்சர்களுக்கும் வருங்காலத் தலைமுறைகள் ஆணையருக்கும் தலைமைத் தணிக்கையாளருக்கும் போக வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-இல் தலைமைத் தணிக்கையாளர் இந்த வாரியங்களை ஆராய்ந்தபோது ஸ்குருட்டினி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்று சொன்னார், என் அனுபவமும் அதுதான். வருடாந்திர அறிக்கை வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகும் கமிட்டிகளும் உண்டு, உட்கார்ந்து வரி வரியாகக் கேட்பவர்களும் உண்டு. ஸ்குருட்டினி கமிட்டிக்கு உங்கள் அமைப்புகள் நேரடியாக எழுதலாம், கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்க்கலாம், அதற்கு வாரியத்தின் அனுமதி தேவையில்லை.

உங்கள் பகுதி வாரியம் தனியா, இணைந்ததா என்று பாருங்கள். தென்கிழக்கு வேல்ஸின் குவென்ட் பகுதியில் ஐந்து கவுன்சில்கள் 2021-இல் ஒரே வாரியமாக இணைந்தன. வாரியம் பெரிதாகும்போது ஹெல்த் போர்டுக்கும் தீயணைப்புக்கும் ஒரே கூட்டம் என்பது வசதிதான். ஆனால் சிறிய தன்னார்வ அமைப்புக்கு அந்த மேசை இன்னும் தூரமாகிவிடும், இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். இணைந்த வாரியம் என்றால் பகுதிவாரிக் குழு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் பகுதியில் பெரிய சமூக மன்றங்கள் இருந்தால் கூட்டாளி கிடைத்த மாதிரி. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வருமானமோ செலவோ 2,00,000 பவுண்டுக்குக் குறையாமல் இருக்கும் மன்றங்களுக்கு, வாரியத்தின் உள்ளூர் இலக்குகளை நோக்கி நடவடிக்கை எடுக்கும் கடமை சட்டப்படியே இருக்கிறது.

கோப்புக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு. உறுப்பு அமைப்புக்கு நிதி போகிறது என்றால் கூட்டம் தொடங்கியதும் சொல்லிவிடுங்கள், மினிட்ஸில் ஏறட்டும். தன்னார்வத் துறையின் பொதுவான தேவை பற்றிய பேச்சில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம், அதற்குத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஓர் அமைப்புக்கு இவ்வளவு என்று முடிவாகும் இடத்தில் மட்டும் விலகி நில்லுங்கள். இந்தப் பிரிப்பை விதிமுறை ஆவணத்திலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் யாராவது உங்களை முழுசாக வெளியே அனுப்பப் பார்ப்பார்கள். கவுன்சில் தானே நடத்தும் சேவைக்குப் பணம் கேட்கும்போதும் இதே விதி அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

பணம் பற்றி: கவுன்சில் செயலக உதவி தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது, மற்றதை உறுப்பினர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். உங்கள் ஆட்கள் கூட்டங்களுக்கு வந்துபோகும் செலவையும் நேரத்தையும் யார் ஏற்பது என்று கேட்கத் தயங்காதீர்கள், அந்த மேசையில் சம்பளம் இல்லாமல் உட்காருபவர்கள் உங்கள் பக்கம்தான் அதிகம்.

கடைசியாக, நாள்கணக்கு. தேர்தலுக்குப் பிறகு 60 நாளுக்குள் வாரியம் கூட வேண்டும், அப்போதுதான் விதிமுறை ஆவணம் மேசைக்கு வரும். புதிய நல்வாழ்வுத் திட்டம் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குள், அதாவது 2028 மே மாதத்துக்குள் வெளியாக வேண்டும். அதற்கு முன் வருங்காலத் தலைமுறைகள் ஆணையரிடம் ஆலோசனை கேட்டாக வேண்டும், அவருக்கு 14 வாரம் வரை நேரம் இருக்கிறது, கலந்தாலோசனைக்குக் குறைந்தது 12 வாரம். ஆனால் அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான நல்வாழ்வு மதிப்பீடு, அதாவது பகுதி மக்களின் நிலை எப்படி இருக்கிறது என்ற ஆய்வு, திட்டத்துக்கு ஒரு வருடம் முன்பே வெளிவந்தாக வேண்டும், அதாவது தேர்தலை ஒட்டியே. விதிமுறை ஆவணத்துக்காகக் காத்திருந்தால் மதிப்பீடு உங்கள் அமைப்புகள் பார்த்தது எதுவும் இல்லாமல் முடிந்துவிடும். மதிப்பீட்டைத் தயாரிக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு இந்த வாரமே வாரியச் செயலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், உங்களிடம் இருக்கும் தகவலை எந்த வடிவத்தில், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.