ரெண்டு பக்கமும் பூ விழுகிற ஐந்து ரூபாய்: மிண்ட் (நாணயச்சாலை) தவறா, பட்டறை வேலையா?

கண்டக்டர்_கடலூர்:

வணக்கம். கடலூர்–புதுச்சேரி தடத்தில் பதினொரு வருடமாகக் கண்டக்டர் வேலை. பையில் புரளும் காசில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால், என் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்ததில் நான்கு காசு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

முதலில், பழைய கனமான ஐந்து ரூபாய். கிருமாம்பாக்கத்தில் ஏறிய ஒருவர் கொடுத்தது. இரண்டு பக்கமும் 5 தான், சிங்கமே கிடையாது. சுண்டினால் எப்போதும் பூதான் விழும். இதைப் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். "மிண்டிலேயே தப்பாக அடித்தது, அபூர்வம்" என்றார். தன்னிடம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, 2,500 கொடுத்தால் ஜோடியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சரி, என்னுடையதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், 1,500 போதும் என்றேன். உடனே பேச்சை மாற்றிவிட்டார். அங்கேதான் சந்தேகம் வந்தது.

அடுத்து, நடுவில் ஒன்றும் இல்லாத பத்து ரூபாய், வெறும் வளையம். அப்புறம் ஒரு ஸ்டீல் ஒரு ரூபாய்: சிங்கத்தின் மேலேயே, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிய எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. கடைசியாக இன்னொரு ஒரு ரூபாய், எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஓரத்தில் ஒரு பிறைத்துண்டு காணவில்லை. யூடியூபில் எல்லாவற்றுக்கும் லட்சம் சொல்கிறார்கள். எது நிஜம்?

சும்மா_வந்தவன்:

லட்சம் என்று சொல்பவன் யாராக இருந்தாலும் முன்பணம், கமிஷன், வரி என்று ஏதாவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த ஏமாற்று நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் அவர்களே அறிக்கை விட்டார்கள். காசைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பழைய_டர்னர்:

தம்பி, அந்த ஐந்து ரூபாயை நானே செய்திருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதுநகரில் லேத் (கடைசல் எந்திரம்) பட்டறையில் முப்பது வருடம் நின்றவன் நான். படகு எஞ்சினுக்கு புஷ் கடைவதுதான் பிழைப்பு. தொண்ணூறுகளில் ஒரு மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில் வித்தை காட்ட வந்த ஒருவர், இரண்டு பக்கமும் தலை இருக்கிற காசு வேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். ஒரு காசை லேத்தின் சக்கில் இறுக்கிப் பிடித்து, விளிம்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கிண்ணம் மாதிரி குடைந்தேன். இன்னொரு காசின் விளிம்பைக் கடைந்து எடுத்து, பாதிக் கனத்துக்கு இழைத்து, அந்தக் கிண்ணத்துக்குள் மூடியாக இறக்கினேன். ஆரல்டைட் பசை ஒரு சொட்டு. முதல் இரண்டு காசும் பாழ், மூன்றாவதுதான் சரியாக வந்தது. அவர் கொடுத்த கூலியில் பரோட்டா சாப்பிட்டோம். (காசை அழிப்பது குற்றம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 2011 நாணயச் சட்டத்தில் கறுப்பு வெள்ளையாகவே இருக்கிறது. யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லோரும் ஒட்டு தெரிகிறதா என்று காசின் பக்கவாட்டில், அந்த வரி ஓடுகிற ஓரத்தில் தேடுவார்கள். அங்கே இருக்காது. கிண்ணத்தின் பக்கவாட்டை நாங்கள் தொடுவதே இல்லை. ஒட்டு, மேல்முகத்தில் விளிம்பு தரையில் இறங்குகிற அந்த மூலையில் இருக்கும். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். குண்டூசி முனையை லேசாகச் சாய்த்து, விளிம்பின் உள்சுவரை ஒட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். மிண்டில் அடித்த காசில் முனை வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் வேலையில் ஒரு இடத்திலாவது டக்கென்று சிக்கும். அழுக்கு அந்தக் கோட்டில் மெல்லிய கறுப்பு வளையமாக நிற்கும்.

அடுத்தது ஓசை. காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் தட்டுங்கள். பக்கத்தில் சாதாரண ஐந்து ரூபாயையும் அப்படியே தட்டிப் பாருங்கள். முழுக்காசு கிணுங்கும், ஒட்டுக்காசு 'டப்' என்று செத்துப்போகும். எடையை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காசு 9 கிராம், ஆனால் நல்ல டர்னர் எடையையும் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிடுவான்.

எல்லாவற்றையும்விட சுலபமானது ஒன்று உண்டு. வருஷம் 5 இருக்கிற பக்கத்தில்தானே வரும்? இரண்டு பக்கமும் 5 என்றால் வருஷமும் இரண்டு இருக்கும். லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

பத்து ரூபாய் வளையம்: இரண்டு உலோகத் தகடும் மிண்டில் ஒரே அடியில்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. நடுத்தகடு இல்லாமல் அடிபட்டிருந்தால் உலோகம் ஓட்டைப் பக்கம் வழிந்திருக்க வேண்டும், உள்விளிம்பு கோணலாக, பக்கத்து எழுத்துகள் இழுத்துக்கொண்டு இருக்க வேண்டும். உள்விளிம்பு வட்டமாக, நடுத்தகடு கவ்விய தடத்தோடு சுத்தமாக இருந்தால், யாரோ ஸ்பேனர் சாக்கெட் மேல் வைத்து சுத்தியலால் தட்டித் தள்ளியது. எங்கள் பையன்களே செய்வார்கள்.

முத்தியால்பேட்டை_அக்கா:

டர்னர் ஐயா சொன்னதற்குமேல் அந்த ஐந்து ரூபாயில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அச்சு மாறி அடிபடுவது உலகத்தில் நடக்காததும் இல்லை. 2000இல் அமெரிக்காவில் கால் டாலரின் தலைப்பக்கமும் ஒரு டாலரின் கழுகுப் பக்கமும் ஒரே காசில் சேர்ந்து வெளியே வந்தன. அதில் ஒட்டு கிடையாது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

மற்ற இரண்டையும் பார்ப்போம். பள்ளமான எழுத்து: நிஜத்தில் இது எப்படி வரும் என்றால், அடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வெற்றுத் தகடு அதன்மேல் அடிபடும். அப்போது புதுக் காசின் ஒரு பக்கம் மேடான சிங்கம், மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக, திரும்பி. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இருக்காது. உங்களுடையதில் மேடான சிங்கமும் பள்ள எழுத்தும் ஒரே பக்கத்தில் என்கிறீர்கள். அப்படியானால் முழுதாக அடித்த காசின்மேல் பிறகு இன்னொரு காசை வைத்து வைஸில் (பட்டறை இறுக்கியில்) நெரித்ததுதான். திருப்பிப் பாருங்கள், மறுபக்கத்தில் மேடுகள் நசுங்கி மழுங்கியிருக்கும்.

எலி கடித்ததுதான் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. மிண்டில் நீளத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் கத்தி விழுந்தால் பிறை குறையும். அப்புறம் விளிம்பு தூக்குவதற்காக அந்த வட்டத்தை உருட்டி நெரிப்பார்கள். பிறை இருக்கும் இடத்தில் நெரிக்க உலோகம் இல்லை, அதனால் நேர் எதிரிலும் அழுத்தம் விழாது. எனவே பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கலாக இருக்க வேண்டும். கத்தரியோ அரமோ வைத்து வெட்டிய காசில் எதிர்விளிம்பு திடமாக நிற்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சண்டே மார்க்கெட் போகிறவர்களுக்கு. எங்கள் ஊர் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள்) வீடுகளில் கிடந்த பழைய பிராங்க் காசை, "ஒரு பக்கம் தலைகீழாக இருக்கிறது, எரர்" என்று விற்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிராங்கை அடித்ததே அப்படித்தான். நம் ரூபாயை இடவலமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்கும், பிராங்கை மேலிருந்து கீழாகத் திருப்ப வேண்டும். நானே ஒன்றுக்கு 400 ரூபாய் அழுதேன், அதனால் தெரியும்.

கண்டக்டர்_கடலூர்:

ஐயா, அக்கா, நேற்று வீக்லி ஆஃப். திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த ஆசாரி கடையில் லென்ஸும் தராசும் கிடைத்தது.

ஐந்து ரூபாய்: ஒரு பக்கம் 1999, அதன்கீழ் டைமண்ட். மறுபக்கம் 2000, அதன்கீழ் நட்சத்திரம். டைமண்ட் என்றால் பம்பாய் மிண்ட், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத் மிண்ட் என்று ஆசாரியே சொன்னார். ஒரே காசு எப்படி இரண்டு ஊரில், இரண்டு வருஷத்தில் பிறக்கும்? நானும் ஆசாரியும் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த அம்மா ஒருவர் பயந்துபோனார். எடை 8.6. குண்டூசி இரண்டு இடத்தில் சிக்கியது.

வளையத்தின் உள்விளிம்பு சுத்தமாக இருக்கிறது, அது சுத்தியல் வேலை. பள்ள எழுத்துக் காசின் மறுபக்கத்தில் 1 சப்பையாகிக் கிடக்கிறது. எலி கடித்ததில் மட்டும் பிறைக்கு நேர் எதிரே விளிம்பு கரைந்து, எழுத்தின் கால்கள் மங்கலாக இருக்கின்றன. எடை 4.85 கிராம் இருக்க வேண்டியது 4.4தான். அக்கா, இது தேறுமா?

முத்தியால்பேட்டை_அக்கா:

தேறும். துடைக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லட்சம் எல்லாம் கிடையாது, ஆனால் சேர்ப்பவர் எவரும் கையில் வாங்கிப் பார்ப்பார்.

பழைய_டர்னர்:

குண்டூசி இரண்டு இடத்தில் சிக்கியதா? அப்படியானால் அந்த ஐந்து ரூபாய் என் கை வேலை இல்லை.