சில்லறைக் கணக்கில் கிரீடி ஏன் தப்புது?

கேள்வி: காசுகள் 1, 3, 4. 6 ரூபாய்க்குக் குறைந்தது எத்தனை காசு? கிரீடியில் (ஒவ்வொரு தடவையும் முடிந்த அளவு பெரிய காசையே எடுக்கும் முறை) 3 வருது, சரியான விடை 2. எங்கே தப்பு?

பதில் 1: கிரீடி முதலில் 4-ஐ எடுத்துடும். மிச்சம் 2-க்கு 1+1 தான் வழி. 3+3 அதன் கண்ணிலேயே படாது. டைனமிக் புரோகிராமிங் போடுங்க, அதாவது சின்னத் தொகைகளின் விடையை எழுதி வச்சு, அதிலிருந்து பெரிய தொகையின் விடையை எடுக்கிற முறை. 0 முதல் 6 ரூபாய் வரை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எத்தனை காசுன்னு அட்டவணை: 0, 1, 2, 1, 1, 2, 2. கடைசிக் கட்டத்துக்கு, 6-இல் ஒரு காசைக் (1, 3, 4) கழிச்சா வரும் 5, 3, 2-ஆம் கட்டங்களைப் பாருங்க. அங்கே இருப்பது 2, 1, 2. சிறியது 1, அதோடு 1 கூட்டினா 2.

பதில் 2: சி++-இல் எழுதினா கட்டங்களை முதலில் இன்ட் மேக்ஸால் (இன்ட் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண்) நிரப்பாதீங்க. 1 ரூபாய்க் காசு இல்லாத கணக்கில் எட்ட முடியாத கட்டத்தோடு 1 கூட்டும்போது ஓவர்ஃப்ளோ ஆகும் (எண் எல்லையைத் தாண்டிடும்), பெரும்பாலும் மைனஸ் எண் வந்து நிற்கும். தொகை + 1 போட்டாலே போதும்.

பதில் 3: நேரம் தொகை × காசு வகை. தொகையில் ஓர் இலக்கம் கூடினாலே நேரம் சுமார் பத்து மடங்கு ஆகும், அதனால் பாலினோமியல்னு (உள்ளீட்டின் நீளத்தோடு மெதுவா வளரும் நேரம்) மட்டும் எழுதிடாதீங்க!